பண்ணைப்புரத்துக் கண்மாயில் மிதப்பவை

உத்தமபாளையத்தில் போடி பஸ் ஏறினால், கோம்பை தாண்டியதும் பண்ணைப்புரம். இளையராஜா பிறந்த ஊர் என்று தேடி வருகிறவர்கள் உண்டு. அவர்கள் ஊருக்குள் போகட்டும். நாம் மேற்கே மலையைப் பார்த்தபடி கண்மாய்க் கரைக்கு நடப்போம்.

தென்மேற்குப் பருவமழையை அந்த மலை பெரும்பாலும் தன் அந்தப் பக்கத்திலேயே இறக்கி வைத்துவிடுகிறது. இந்தப் பக்கம் சாரலும் காற்றும்தான் மிச்சம். அதனால் மலையடியிலுள்ள இந்தப் பள்ளத்தாக்கின் பிழைப்பே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர்தான். 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணை, மேற்கே ஓடிய ஆற்றைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியது. லோயர்கேம்ப்பில் இறங்கும் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு, பதினெட்டாம் கால்வாயில் மலையடிவாரம் பிடித்து ஓடி, தேவாரம், போடி பக்கத்துக் கண்மாய்களை நிரப்புகிறது.

தண்ணீர் தனியாகவா வருகிறது? அணையின் ஏரியில் மிதக்கும் பொடி உயிர்களும் கூடவே வருகின்றன. ஒரு கண்ணாடி டம்ளரில் கண்மாய்த் தண்ணீரை மொண்டு வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். துள்ளித் துள்ளி நகர்கிற புள்ளிகள் தெரியும். பார்த்தவுடன் ‘தண்ணியில பூச்சி’ என்று கீழே ஊற்றிவிடுவோம். அவை பூச்சியல்ல, இறாலுக்கும் நண்டுக்கும் உறவுக்காரர்கள், ஓடுடைய இனம். பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

ஒரு சாதாரண லென்ஸ் இருந்தால் ஆளை அடையாளம் காணலாம். நெற்றி நடுவே ஒரே கண், வாலோரம் இரண்டு முட்டைப் பைகள் என்றால் சைக்ளாப்ஸ். நீண்ட மீசையைப் பக்கவாட்டில் விரித்து, ஒரே ஒரு முட்டைப் பையோடு நிதானமாக மிதந்தால் டயாப்டோமஸ் குடும்பம். உருண்டையாக, கண்ணாடி உடம்போடு, உள்ளே இதயம் துடிப்பது வெளியே தெரிய, கைகளால் உதைத்து ஏறுவது நீர்த்தெள்ளு. டாஃப்னியா, மொய்னா எல்லாம் அந்த வகை.

எது எங்கே இருக்கும் என்பதுதான் சுவாரசியம். விரைந்து ஓடும் கால்வாயில் இவற்றால் நிலைத்து நிற்க முடியாது. அது இவற்றுக்குப் பாதை மட்டும். தண்ணீர் தேங்கிய பிறகுதான் குடும்பம் பெருகும். கண்மாயில் மீன்பாசி குத்தகை எடுத்தவர் கட்லாக் குஞ்சு விட்டிருந்தால், பெரிய நீர்த்தெள்ளுகள் முதலில் காலியாகும். மேல்தண்ணீரில் மேய்கிற கட்லாவுக்கு அதுதான் சாப்பாடு. பொடிசுகள் தப்பிக்கும். மழைக்கு நிரம்பி, சில வாரங்களில் வற்றிவிடும் மீனில்லாத பள்ளங்களில் பார்த்தால் பெரிய உருவங்கள் பயமில்லாமல் திரியும். சைக்ளாப்ஸ் இனங்கள் பல நாடுகளிலும் பரவலாகக் கிடைக்கும். டயாப்டோமஸ் கூட்டத்தில் பலவும் அப்படியில்லை, ஒரு சிறு வட்டாரத்தை விட்டு வெளியே காணப்படாதவை. ஆனால் நாம் ஒரு மேற்குப் படுகைத் தண்ணீரை நூறாண்டுக்கு மேலாகக் கிழக்குப் படுகையில் கலந்துகொண்டிருக்கிறோம். இந்தப் பள்ளத்தாக்கில் எது பூர்வகுடி, எது அணையோடு வந்தது என்று பிரிப்பது லேசான வேலையல்ல.

கோடையில் கண்மாய் வெடித்துக் கிடக்கும்போது இவை எங்கே போகின்றன? எங்கும் போவதில்லை. நீர்த்தெள்ளுகளில் சாதாரண நாளில் பெண்களே ஆண் துணையில்லாமல் குஞ்சு பொரித்துத் தள்ளும். காலம் கெடப்போகிறது என்று தெரிந்ததும் ஆண்கள் பிறக்கும். இணைசேர்ந்து, கெட்டி உறைக்குள் உறங்கும் முட்டைகளை இடும். அவை சேற்றில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். நார்வே நாட்டு விலங்கியலாளர் சார்ஸ், ஆஸ்திரேலியாவிலிருந்து லும்ஹோல்ட்ஸ் என்பவர் அனுப்பிய காய்ந்த சேற்றைத் தண்ணீரில் கரைத்து வைத்தே உயிர்களைப் பொரிக்க வைத்தார். அப்படி வந்த ஒன்றுக்கு 1885-ல் டாஃப்னியா லும்ஹோல்ட்சி என்று பெயரிட்டார். அதே இனம் இந்தியக் குளங்களிலும் உண்டு. தண்ணீரில் மீன் வாடை பட்டால் அதன் தலையிலும் வாலிலும் முள் நீண்டு வளரும், மீன் வாய்க்குள் போகாதபடி! 1990-களின் தொடக்கத்தில் அது அமெரிக்க நீர்த்தேக்கங்களிலும் தலைகாட்டியது. நம் விவசாயி கண்மாய் வண்டலை டிராக்டரில் அள்ளித் தோப்புக்கு அடிக்கும்போது எத்தனை முட்டைகள் ஊர் மாறுகின்றனவோ!

இவற்றைப் படித்தவர்கள் தூரத்தில் இல்லை. மதுரைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆர். ஜார்ஜ் மைக்கேல், நன்னீர் உயிர்களுக்கான வழிகாட்டி நூலை 1973-ல் கொண்டுவந்தார். பின்னர் பி. கே. சர்மாவோடு அவர் எழுதிய, இந்திய நீர்த்தெள்ளுகள் பற்றிய நூல் 1988-ல் இந்திய விலங்கியல் அளவைத் துறையின் வரிசையில் வெளிவந்தது. டயாப்டோமஸ் குடும்பத்தைத் துருவி ஆராய்ந்தவர் ஆந்திராவின் நாகார்ஜுனா பல்கலைக்கழகத்து ரங்கா ரெட்டி.

சைக்ளாப்ஸுக்கு இன்னொரு கதை உண்டு, அதைப் பெரியவர்கள் அறிவார்கள். நரம்புச் சிலந்தி! படிக்கிணற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்தால், சைக்ளாப்ஸ் வயிற்றிலிருந்த புழுக்குஞ்சு மனித உடலுக்குள் இறங்கும். சுமார் ஒரு வருடம் கழித்து, முழ நீளத்துக்கும் மேலான புழு காலைப் பொத்துக்கொண்டு வெளிவரும். அந்தக் காலோடு கிணற்றுப் படியில் இறங்கினால் மறுபடி குஞ்சுகள் தண்ணீருக்குப் போகும். நோய்க்கு மருந்து இல்லை; வேட்டித் துணியில் வடிகட்டியும், தண்ணீரில் பூச்சிமருந்து தெளித்தும், படிக்கிணற்றை மூடியும், கைப்பம்பு போட்டும்தான் விரட்டினார்கள். இந்தியாவின் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் நாட்டுக்குச் சான்று கொடுத்தது.

அன்று பூச்சிமருந்து தெளித்துக் கொன்ற அதே சைக்ளாப்ஸின் நெருங்கிய சொந்தமான மீசோசைக்ளாப்ஸை வியட்நாம் கிராமங்களில் தண்ணீர்த் தொட்டிகளில் வளர்த்து விட்டார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் அப்போதுதான் பொரித்த புழுக்களை அது பிடித்துத் தின்கிறது. மருந்து தெளிக்க வேண்டாம். நரம்புச் சிலந்தி இல்லாத ஊரில்தான் இந்த ஏற்பாடு செல்லும். பண்ணைப்புரம் இப்போது அந்தக் கணக்கில் சேர்ந்த ஊர்.