வென்றவர் மீண்டும் ஆடாத திடல்

2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில், டெல்லியில் நான் பணிபுரியும் மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு ஒரு சிறு செய்திக் குறிப்பு வந்தது. பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டு விழாவில், ‘லான் பௌல்ஸ்’ என்னும் ஆட்டத்தின் மகளிர் நால்வர் பிரிவில், நம் நாட்டினர் தென்னாப்பிரிக்காவை 17-க்கு 10 என்ற கணக்கில் வென்று தங்கப் பதக்கம் பெற்றனர் என்பது செய்தி. அவ்விழாவின் வரலாற்றில், இவ்வாட்டத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதற் பதக்கம் அது. லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைக்கியா, ரூபா ராணி திர்க்கி என்று நால்வர் பெயரையும் தடையின்றி எழுதிவிட்டேன். ஆட்டத்தின் பெயரைத் தமிழாக்கும்போதுதான் பேனா தயங்கிற்று. ‘புல்தரைப் பந்துருட்டு’ என்று எழுதினேன். மேலதிகாரி அதைப் பார்த்து, “இது என்ன, குழந்தைகள் விளையாட்டா?” என்று கேட்டார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. எனக்கும் அதற்குமேல் தெரியாது.

அன்று மாலை தேடத் தொடங்கியவன், இங்கிலாந்தின் தென்கரையிலே, சௌத்தாம்ப்டன் துறைமுக நகரத்தில் உள்ள ஒரு பழைய சங்கத்தின் வரலாற்றில் போய் நின்றேன். அன்பர்களே, அதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஆட்டம். ஒட்ட வெட்டிய சமதளமான புல்வெளி. அதன் ஒரு கோடியில் ‘ஜாக்’ எனப்படும் சிறிய வெண்பந்து. மறுகோடியிலிருந்து ஆடுவோர் தத்தம் பெரிய உருண்டைகளை அதை நோக்கி உருட்டிவிடுகின்றனர். யாருடைய உருண்டை ஜாக்கை நெருங்கி நிற்கிறதோ அவருக்கு வெற்றி. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்த உருண்டை முழு வட்டமானதன்று. ஒரு பக்கம் சற்றே சாய்வாக அமைக்கப்பட்டது. ஆகையால் விரைந்து செல்லும்வரை நேராகச் செல்வதுபோல் காட்டிவிட்டு, வேகம் தளரத் தளர ஒரு பக்கமாக வளைந்துவிடும். இலக்கை அடைய வேண்டுமானால், இலக்கை விட்டு விலகியே குறி பார்க்க வேண்டும். வலிமைக்கு இங்கே வேலை குறைவு, கைப்பக்குவமே எல்லாம்.

சௌத்தாம்ப்டனின் ‘ஓல்டு பௌலிங் கிரீன்’ 1299-ஆம் ஆண்டு முதல் ஆட்டத் திடலாக இருந்து வருவதாக அச்சங்கத்தார் கூறுகின்றனர். உலகிலேயே மிகப் பழைய திடல் தங்களுடையதே என்பது அவர்கள் பெருமை. செஸ்டர்பீல்டு என்ற ஊரார் இதை ஒப்புக்கொள்வதில்லை. தங்கள் திடலே மூத்தது என்பது அவர்கள் வாதம். தலபுராணங்களில் பழகிய நமக்கு இத்தகைய வழக்கு புதிதன்று. ‘காட்ஸ் ஹவுஸ்’ என்ற பழைய தரும விடுதியின் அருகே உள்ள இந்த நிலம், தொடக்கத்தில் விடுதித் தலைவரின் பொழுதுபோக்குக்கென்றே விடப்பட்டிருந்ததாம்.

தலைவர்களும் பிரபுக்களும் ஆடலாம், மற்றவர்கள்? 1541-ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி மன்னரின் காலத்தில் ஒரு சட்டம் பிறந்தது. கைவினைஞர், உழவுத் தொழிலாளர், வேலையாட்கள், மாலுமிகள், மீனவர் முதலியோர் இந்த ஆட்டத்தை ஆடலாகாது. கிறிஸ்துமஸ் காலத்தில் மட்டும், அதுவும் எஜமானர் வீட்டிலோ அவர் முன்னிலையிலோ ஆடலாம் என்றது அச்சட்டம். மக்கள் வில்வித்தைப் பயிற்சியைக் கைவிட்டு விளையாட்டில் இறங்கிவிடுகிறார்கள் என்ற கவலையே அதற்குக் காரணம். மாலுமிகள் நிறைந்த ஒரு துறைமுகத்திலே இது எவ்வளவு பேரைத் திடலுக்கு வெளியே நிறுத்தியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இத்தடை 1845-ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. பர்மிங்ஹாமில் வென்ற நம் பெண்களுள் ஒருவர் காவல்துறையில் பணிபுரிந்தவர்; இன்னொருவர் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியை. அந்நாளைய சட்டத்தின் முன் இவர்கள் நின்றிருந்தால் உருண்டையைத் தொட அனுமதி கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

என்னை மிகவும் கவர்ந்தது அச்சங்கத்தின் ஆண்டுப் போட்டி. 1776-ஆம் ஆண்டு, அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்து மன்னரின் ஆட்சியை உதறிய அதே ஆண்டில், இச்சங்கத்தார் மன்னரைக் கேளாமலே தங்களுக்கென ஒரு வீரப் பட்டத்தை ஏற்படுத்திக்கொண்டனர். ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் போட்டி நடைபெறும். முதலில் ஏழு புள்ளிகள் பெறுபவர் வென்றவர். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே ஒரு புள்ளிதான் என்பதால், சில ஆண்டுகளில் போட்டி நாட்கணக்கில் நீளும். வென்றவருக்கு ஒரு வெள்ளிப் பதக்கம். அன்று முதல் திடலில் அவரை ‘சர்’ என்றே அழைப்பார்கள்.

ஆனால் அவர் மறுமுறை அப்போட்டியில் ஆட முடியாது! வாழ்நாள் முழுவதும் முடியாது. அதற்குப் பதிலாக, அடுத்த ஆண்டு முதல் நீண்ட கோட்டும் உயர்ந்த தொப்பியும் அணிந்து, முன்னாளில் வென்ற மற்றவர்களோடு சேர்ந்து போட்டியை நடத்திக் கொடுக்க வேண்டும். குனிந்து, மண்டியிட்டு, எந்த உருண்டை அருகில் இருக்கிறது என்று அளந்து சொல்வது இனி அவர் வேலை. ஊரிலேயே வல்லவர் யாரோ அவர், தம்மினும் குறைந்தவர்களின் ஆட்டத்தை அளக்கிறார். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் போட்டிக்கு ஆட்கள் வந்துகொண்டே இருப்பதன் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். அடுத்த ஆண்டு புதிதாக ஒருவர் வென்றே ஆக வேண்டும் அல்லவா?

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கும் சங்கங்கள் உண்டு. எங்கள் குடியிருப்பின் தமிழ்ச் சங்கத்தில் பொங்கலை ஒட்டிக் கேரம் போட்டி நடத்துவது வழக்கம். அதில் தொடர்ந்து ஆறு ஆண்டுகள் ஒருவரே கோப்பையை வென்றார். ஏழாம் ஆண்டு பெயர் கொடுத்தவர்கள் மூவர் மட்டுமே; போட்டி நின்றுபோயிற்று. இளைஞர்களுக்கு ஆர்வமில்லை என்று கூட்டத்தில் எழுந்து நெடுநேரம் பேசியவரும் அந்த வெற்றி வீரரே. அவர் வேறு யாருமல்லர், நான்தான்.

சௌத்தாம்ப்டன் வழக்கத்தைப் படித்த பிறகு வந்த பொங்கலுக்கு, செயலாளரிடம் சென்று என் பெயரைப் போட்டியாளர் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்றும், பலகையையும் புள்ளிக் கணக்கையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். அவர் நம்பவில்லை, உடம்புக்கு ஏதும் உண்டா என்று விசாரித்தார். அவ்வாண்டு பதினோரு பேர் ஆடினர். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் வென்றாள். பலகைக்குப் பவுடர் தூவிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, “மாமா, அடுத்த வருஷம் நான் ஆடலாமில்லையா?” என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.