தொண்டு நிறுவனங்களில் அறம்: மாநாட்டுத் தலைமை உரை

கடையில் பொருளை வாங்குபவரே விலையும் கொடுக்கிறார். தரம் குறைந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். தொண்டு நிறுவனத்தில் பணம் தருபவர் ஒருவர், பயன் பெறுபவர் வேறொருவர். தந்தவர் பணி நடக்கும் இடத்தைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பெற்றவரோ, குறை சொன்னால் அடுத்த முறை உதவி கிடைக்காதோ என்று அஞ்சி வாய் திறப்பதில்லை. இம்மாநாடு ஆராயவிருக்கும் அறச்சிக்கல்களில் பல இந்த இடைவெளியிலேயே பிறக்கின்றன.

இந்தியாவில் இந்நிறுவனங்கள் அறக்கட்டளையாகவோ, சங்கமாகவோ, 2013ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ் நிறுமமாகவோ இயங்குகின்றன. தமிழ்நாட்டில் சங்கங்களுக்கு 1975ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் உண்டு. உபரியை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது என்பது மூன்றுக்கும் பொது. நிறுவனரோ அவர் உறவினரோ முறையற்ற ஆதாயம் அடைந்தால் வருமான வரிவிலக்கும் பறிபோகலாம். ஆனால் சட்டம் ஓரளவுக்குத்தான் எட்டும். அறங்காவலரின் மைத்துனர் கட்டடத்துக்கு நியாயமான வாடகையே தரப்படலாம். அக்கட்டடம் தேவைதானா என்று முடிவெடுத்த கூட்டத்தில் அந்த அறங்காவலரும் இருந்தாரா என்பது அறத்தின் கேள்வி.

நன்கொடையாளரின் நோக்கத்தைக் காப்பது அடுத்த கடமை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் திரட்டிய சிறப்பு நிதி 50 கோடி டாலரைத் தாண்டியது. அதில் ஒரு பெரும்பகுதியை எதிர்காலத் தேவைகளுக்கு ஒதுக்க முற்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. நவம்பரில் சங்கம் திட்டத்தைக் கைவிட்டு, முழுத் தொகையும் பாதிக்கப்பட்டவர்களுக்கே என்று அறிவித்தது. எதிர்காலத்துக்குச் சேமிப்பது தவறன்று. கொடுத்தவருக்குச் சொல்லாமல் சேமிக்க நினைத்ததே தவறு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு வேறு வழியில் நடந்தது. போதிய நிதி வந்துவிட்டதாகச் சில நாட்களிலேயே வெளிப்படையாகச் சொல்லி, எஞ்சியதைப் பிற நெருக்கடிகளுக்குப் பயன்படுத்த அனுமதி கேட்டது. பெரும்பாலோர் இசைந்தனர்.

நிர்வாகச் செலவு மற்றொரு சிக்கல். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் இச்செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. ஆடம்பரத்துக்குக் கடிவாளம் தேவை. எனினும் கணக்கர், தணிக்கை, பயிற்சி ஆகியவற்றுக்கான செலவையும் வீண் என்று கருதினால், முறைகேட்டைக் கண்டுபிடிக்கும் ஆற்றலையே நிறுவனம் இழக்கும். குறைந்த செலவைக் காட்டக் களப்பணியாளருக்கு அற்ப ஊதியம் தருவதும் அறமாகாது.

பயனாளிக்குப் பதில் சொல்லும் கடமைதான் மிகவும் பின்தங்கியுள்ளது. ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் யாரும் உடுத்த விரும்பாத பழந்துணிகள் தெருவோரங்களில் குவிந்தன. மீனவக் குடியிருப்புகளுக்கு உதவி வந்து சேர்ந்தபோது, கரையோரத்துத் தலித் விவசாயக் கூலிகள் பலர் விடுபட்டனர். கொடுப்பவரிடம் இருந்தது என்ன என்று பார்த்தார்களே தவிர, பெறுபவருக்கு வேண்டியது என்ன என்று போதிய அளவில் கேட்கவில்லை. நிதி திரட்டுவதற்காக அழும் குழந்தையின் படத்தை அச்சிடும் வழக்கமும் இத்தகையதே. ஒப்புதல் பெறாத படம் அக்குழந்தையின் மானத்தை விற்பதாகும்.

ஆகவே அமர்வுகள் ஆராயவேண்டியவை மூன்று: உறவினர் தொடர்பான முடிவுகளில் விலகியிருக்கும் விதி, நோக்கம் மாறும்போது நன்கொடையாளரின் இசைவு பெறும் முறை, பயனாளிகள் அச்சமின்றி முறையிட வழி. தணிக்கை அறிக்கை நன்கொடையாளருக்கு மட்டும் போகாமல், பணி நடந்த ஊரிலும் தமிழில் வாசிக்கப்படுவது இம்மூன்றுக்கும் நல்ல தொடக்கமாகும்.