ஆட்டிசக் குழவியும் வளர்ப்போர் பயிற்சியும்



பெயர் சொல்லி அழைப்பினும் திரும்பாது, முகம் நோக்காது, தன் போக்கில் ஆழ்ந்திருக்கும் குழவியைக் கண்டு, தாயின் வளர்ப்பைப் பழிப்பார் நம்மிடையே பலர். அது பொருந்தாது. ஆட்டிசம் மூளை வளர்ச்சியின்பாற்பட்ட வேறுபாடு, தாயின் குற்றமன்று.

வல்லுநரோ பெரும்பாலும் பெருநகரங்களிலேயே உளர். ஏழைக் குடும்பம் செய்வது யாது? கோவாவிலும் இராவல்பிண்டியிலும் நிகழ்ந்து, 2016-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இதற்கு வழி காட்டுகின்றது. 2 முதல் 9 வயது வரையுள்ள 65 குழந்தைகள் அதிற் சேர்ந்தனர். அவருள் ஒரு பகுதியினர்க்கு, வல்லுநரல்லாத பணியாளர் பயிற்சி பெற்று, 6 திங்களில் 12 அமர்வுகள் நடத்தினர். தாயும் சேயும் விளையாடுவதைப் படம்பிடித்துத் தாய்க்கே காட்டினர். ஏவலைக் குறைத்தல், மகவு நோக்கும் பொருளைத் தாமும் நோக்கிப் பெயர் கூறுதல், மறுமொழிக்குப் பொறுத்திருத்தல் ஆகியனவே பாடம்.

பயன் யாது? பெற்றோர் மகவின் போக்கிற்கு இசைந்தனர். மக்களும் தாமே பெற்றோரை நாடுதல் மிகுந்தது. ஆட்டிசம் நீங்கிவிட்டதென்று கொள்ளற்க. உறவு வளர்ந்தது என்க.

உலக சுகாதார நிறுவனமும் 9 கூட்டமர்வும் 3 இல்ல வருகையும் கொண்ட பயிற்சியொன்றை வகுத்துளது. அதற்கு வேண்டுவது ஓர் அறையும் பயிற்சி பெற்ற சிலருமே. நம் சங்க மண்டபம் பன்னாள் பூட்டிக் கிடக்கின்றது. அதனை இதற்குத் திறப்போமாக! விருந்தினர் வருங்கால் குழந்தையை உள்ளறையில் மறைக்கும் வழக்கத்தையும் ஒழிப்போமாக!