நம்ம ஊர் காசு, லண்டன் விலை

தாம்பரத்துல இருந்து பேசுறேன். பின்னாடி ரயில் சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க, மொட்டை மாடி ரூம்ல தான் ரெக்கார்டிங்.

போன வாரம் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போயிருந்தேன். தரையில் துணி விரித்து பழைய காசு வைத்திருந்த அண்ணனிடம் ஒரு சிலோன் காசு கேட்டேன். "அம்பது ரூபா தம்பி." "முப்பது தரேண்ணா." நாற்பதில் முடிந்தது. அங்கே விலை என்பது ரெண்டு பேர் பேசி முடிவு பண்றது. வெளிநாட்டில் இருந்து காசு வாங்கும்போது மட்டும் நடுவில் மூணாவதா ஒருத்தர் வந்து உட்கார்ந்துக்கிறார். அவர் பேர் மாற்று விகிதம். அவர்கிட்ட பேரம் பேச முடியாது. இன்னைக்கு எபிசோட் அவரைப் பத்தி தான்.

நான் ரொம்ப நாளா தேடின காசு ஒன்னு இருக்கு. கால் வராகன். 1807-ஐ ஒட்டி கிழக்கிந்தியக் கம்பெனி நம்ம மதராஸில் அடித்த வெள்ளிக் காசு. ஒரு பக்கம் கோபுரம், சுற்றி நட்சத்திரங்கள். இன்னொரு பக்கம் விஷ்ணு, சுற்றி தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. இங்கே அடித்த காசு, நம்ம எழுத்து இருக்கிற காசு. ஆனால் நல்ல நிலையில் இருப்பது பல நேரம் இங்கிலாந்து வியாபாரிகளிடம் தான் கிடைக்கும், விலை பவுண்டில்.

2022 செப்டம்பரில் ஒரு வியாபாரியின் பட்டியலில் அதைப் பார்த்தேன். 100 பவுண்டு. அப்போ ஒரு பவுண்டு 90 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. அந்த நேரம் பார்த்து பிரிட்டன் அரசு பெரிய வரிக்குறைப்பு அறிவித்தது. அதற்குப் பணம் எங்கிருந்து வரும்னு சந்தைக்குப் பயம் வந்தது. 26-ஆம் தேதி திங்கட்கிழமை, டாலருக்கு எதிராக பவுண்டு அதுவரை இல்லாத அளவுக்குச் சரிந்தது. நம்ம ரூபாயில் சுமார் 87. எனக்கு ஒரே குஷி. அத்தோட நிறுத்தியிருக்கணும். "இன்னும் விழும், 80-க்கு வரட்டும்"னு காத்திருந்தேன். அந்த வாரக் கடைசியிலேயே பவுண்டு மறுபடி 90-ஐத் தொட்டது. காசை வேற யாரோ வாங்கிட்டாங்க. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், காசே கை நழுவிப் போச்சு.

அடுத்தது என்கிட்ட வந்தது 2025 ஜூலையில், ஏலத்தில். விலை அதே 100 பவுண்டு தான். ஆனால் பவுண்டு அப்போ சுமார் 116 ரூபாய். மனசுக்குள்ள 11,600-னு கணக்குப் போட்டேன். தப்பு அங்கே தான். ஏல நிறுவனத்தின் கமிஷன் 20 பவுண்டு, தபால் செலவு 15 பவுண்டு. மொத்தம் 135. ரூபாயில் 15,660. அப்புறம் கார்டு. வெளிநாட்டுச் செலவுக்கு என் வங்கி 3.5 சதவீதம் பிடிக்குது, அதன் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. அது ஒரு 650 ரூபாய். ஆக 16,300. சுங்க வரி இதுல இன்னும் சேரலை.

சுங்க வரியிலும் அந்த மூணாவது ஆள் இருக்கார். சுங்கத்துறை தனக்கென்று ஒரு மாற்று விகிதம் அறிவிக்கிறது. தபால் செலவையும் சேர்த்த மொத்தத் தொகையை அந்த விகிதத்தில் ரூபாயாக்கி, அதன் மேல தான் வரி. ரூபாய் பலவீனமானால் காசும் ஏறும், கமிஷனும் ஏறும், வரியும் ஏறும்.

இதெல்லாம் புதுசு இல்லைங்க. அந்தக் கால மதராஸில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. அதோட ரூபாயும் புழங்கியது. ஒன்றை இன்னொன்றாக மாற்றிக் கொடுக்க சராப்புகள் இருந்தாங்க. அவங்க பிடிக்கிற கழிவுக்கு வட்டம்னு பேர். 1818-ல் தான் ரூபாய் முக்கிய நாணயமானது, ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய்னு கணக்கு. இன்னைக்கு கார்டு பிடிக்கிற 3.5 சதவீதம் அதே வட்டம் தான்.

ஒரு விஷயம் கவனிங்க. டாலர் ஏறினால் எல்லா நாட்டுக் காசும் விலை ஏறிடும்னு இல்லை. 2012-ல் 100 யென் வாங்க சுமார் 65 ரூபாய். 2024 ஜூலை தொடக்கத்தில் சுமார் 52 தான். நமக்கு டாலர் அவ்வளவு ஏறியும், யென் அதைவிட வேகமாக விழுந்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு வந்த 1000 யென் வெள்ளிக் காசை ஜப்பானிலேயே யென் விலையில் பார்த்தவங்களுக்கு அது நல்ல நேரம். அதனால டாலரை மட்டும் பார்க்காதீங்க. விற்கிறவர் எந்த நாணயத்தில் விலை சொல்றாரோ, அதைப் பாருங்க.

"ரூபாய் விழுந்தால் என் காசின் மதிப்பு ஏறும், இது முதலீடு தானே?"னு சிலர் கேட்கிறீங்க. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்கு மேல் பழமையான காசைத் தனி ஆள் யாரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. என் கால் வராகனை நான் பவுண்டு கொடுத்து வாங்கலாம், பவுண்டுக்கு விற்க முடியாது. தாம்பரத்துக்கு வந்த காசு இனி இந்தியாவில் தான், ரூபாயில் தான். மாற்று விகிதத்தின் அடி மட்டும் எனக்கு, லாபம் எனக்கு இல்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. நம்ம காசு ஊர் திரும்பிடுச்சு, அவ்வளவுதான்.

கடைசியா, நான் இப்போ செய்றது மூணு. ஏலத்துக்கு முன்னாடியே எல்லா செலவும் சேர்த்து ரூபாயில் ஒரு உச்ச வரம்பு எழுதி வைக்கிறேன். பணம் கட்டும் பக்கத்தில் "ரூபாயில் கட்டலாமா?"னு கேட்டால், அவங்க போடும் விகிதத்தை என் வங்கியின் விகிதத்தோட ஒப்பிட்டுப் பார்க்கிறேன், பெரும்பாலும் அவங்களுது தான் அதிகம். மூணாவது, பிடிச்ச காசு வரம்புக்குள் வந்தால் வாங்கிடுறேன். பவுண்டு திரும்ப விழும். அந்தக் காசு திரும்ப வருமான்னு தெரியாது.

உங்க கையை விட்டுப் போன காசு எது? சொல்லுங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம். வரட்டுமா.