கைநாட்டும் மீதிக் கணக்கும்



பால்மரம் வெட்டிய தாத்தா சம்பள நாளன்று கிராணியாரின் பதிவேட்டில் கைநாட்டு வைத்தார். கெலுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேரன், நாளை ஓர் ஒப்பந்தத்தில் கணினி வழியே எண்முறைக் கையெழுத்து இடலாம். இரண்டும் ஒன்றாகுமா? ஆகும் என்கிறது நம் நாட்டுச் சட்டம். 1997-ஆம் ஆண்டின் எண்முறைக் கையெழுத்துச் சட்டம் 1998 அக்டோபர் 1-ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அதன்படி முறையாக இட்ட இக்கையெழுத்து, பேனாவால் இட்டதைப் போலவும் கைநாட்டைப் போலவும் நம்மைக் கட்டுப்படுத்தும்.

கைநாட்டுக்கு ரேகை சாட்சி. இதற்குக் கணக்கே சாட்சி.

இன்று திங்கட்கிழமை என்றால், 15 நாள் கழித்து என்ன கிழமை? ஏழேழாகக் கழித்தால் மீதி 1, ஆகவே செவ்வாய். இதுதான் மீதிக் கணக்கு.

இக்கணக்கில் பின்னம் இல்லாமலே வகுக்கலாம். 3-ஐ 5-ஆல் பெருக்கினால் 15, மீதி 1. எனவே 3-ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் 5-ஆல் பெருக்கினால் போதும். 7 பகா எண் என்பதால் 1 முதல் 6 வரை எல்லா எண்ணுக்கும் இப்படி ஒரு ஜோடி உண்டு. 12 மணிக் கடிகாரத்தில் 4-க்கு ஜோடி இல்லை. 4, 8, 12 என்றே அது சுற்றிவரும்; 1-ஐத் தொடாது.

இனி, கையெழுத்தைச் சரிபார்ப்போம். ஆவணம் முழுவதையும் கணினி ஓர் எண்ணாகச் சுருக்குகிறது. அது 4, கையெழுத்திலுள்ள எண் 3 என்று வைத்துக்கொள்வோம். 4-ஐ 3-ஆல் வகுக்க, 5-ஆல் பெருக்குகிறோம்: 20, மீதி 6. யாரோ தொகையைத் திருத்தியதால் ஆவணத்தின் எண் 5 ஆனால், 25, மீதி 4. விடை மாறிவிட்டது!

இந்த விடையையும், கையொப்பமிட்டவர் ஊரறியக் கொடுத்த எண்ணையும் கொண்டு, நீள்வட்ட வளைகோடு என்னும் கோட்டில் ஒரு புள்ளியைக் கணிக்கிறார்கள். கையெழுத்து காட்டும் புள்ளியோடு அது பொருந்தாவிட்டால் கையெழுத்து தள்ளுபடி. அவருடைய இரகசிய எண்ணை யாரும் பார்க்க வேண்டியதே இல்லை. இவ்வளைகோடுகள் இரகசியம் காக்க உதவும் என்று 1985-இல் நீல் கோப்லிட்ஸும் விக்டர் மில்லரும் தனித்தனியே காட்டினர். நடைமுறையில் 7-க்குப் பதிலாக 78 இலக்கமுள்ள பகா எண்கள் பயன்படுகின்றன.

நேயர்களே, திருத்தலைக் கணக்கு காட்டிக்கொடுக்கும். ஆனால், நீங்கள் படித்துப் புரிந்துகொண்டுதான் ஒப்பினீர்களா என்பதை அது அறியாது. புரியாத தாளில் கைநாட்டு வைத்து வருந்தியவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே படியுங்கள், பிள்ளைகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், அதன் பிறகே ஒப்பமிடுங்கள். இரகசிய எண்ணை உடன்பிறந்தாரிடமும் கொடுக்காதீர்கள். அதுவே இன்று உங்கள் கட்டைவிரல்.