வாவிக்கரையில் மாணவர் தொண்டு

ஊர்த்தொண்டு என்றதும் பலரது உள்ளத்தில் எழுவது ஒரு நாளின் காட்சியாகும். காலையிற் பேருந்து ஒன்று வந்து நிற்கும். கல்லூரி மாணவர் நாற்பது ஐம்பது பேர் மண்வெட்டியும் கத்தியுமாக இறங்குவர். பதாகை கட்டப்படும், சிறிய கூட்டம் நடைபெறும், கிணற்றடி துப்புரவாகும், பாடசாலை வளவிற் சில கன்றுகள் நடப்படும். நிழற்படம் எடுத்துக்கொண்டு மாலையில் அவர்கள் திரும்பிச் செல்வர். அவ்வொரு நாள் உழைப்பும் உழைப்பே. அதனை இகழ்தல் தகாது. எனினும், பேருந்து புறப்படும் வேளையில் மட்டக்களப்புக் கிராமத்து மூதாட்டி ஒருவர், "இனி எப்ப மனே வருவீங்க?" என்று கேட்பாராயின், தொண்டின் இலக்கணம் முழுவதும் அக்கேள்வியில் அடங்கிவிடும். மாணவர் செய்த வேலை எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. அவர்கள் மீண்டும் வருவார்களா என்பதையே அவர் அறிய விரும்புகிறார்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக 50 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் மேய்ச்சல் நிலமுமாய்ப் பரந்து கிடப்பது படுவான்கரை. நகரமும் பெரிய வைத்தியசாலையும் பெயர்பெற்ற பாடசாலைகளும் எழுவான்கரையிலே அமைந்தன. வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி முதலிய படுவான்கரைப் பகுதி மக்கள் நெடுங்காலமாகத் தோணியையும், 'பாதை' என வழங்கும் மிதவைப் படகையும் நம்பி வாவியைக் கடந்தனர். மண்முனைத் துறையில் 2014 ஆம் ஆண்டிற் பாலம் திறக்கப்பட்டபின் பயணம் எளிதாயிற்று. ஆயினும் பாலம் அமைந்ததனால் மட்டும் இரு கரைகளும் நெருங்கிவிடுவதில்லை. அப்பாலத்தின்மேல் யார், எதற்காக, எத்தனை முறை செல்கின்றனர் என்பதைப் பொறுத்தே அந்நெருக்கம் அமையும்.

செல்லத்தக்க இளைஞர் இம்மாவட்டத்தில் இல்லாமல் இல்லை. வந்தாறுமூலையில் 1981 ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் 1986 இற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. கல்லடியில் சுவாமி விபுலானந்தரின் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் உள்ளது. தாழங்குடாவில் ஆசிரியப் பயிற்சி தரும் தேசிய கல்வியியற் கல்லூரி உள்ளது. இவற்றிற் பயிலும் ஆயிரக்கணக்கான மாணவர் வாரத்தில் இரண்டு மணிநேரத்தை வாவியின் மறுகரைக்கு வழங்குவாராயின், அதனால் விளையும் நன்மை சிறிதாகாது.

இத்தகைய பணிக்கு முன்மாதிரி தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 1892 இற் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் 1929 இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். பேராசிரியர் பதவியோடு தம் கடமை முடிந்ததென்று அவர் இருந்துவிடவில்லை. பல்கலைக்கழகத்தை அடுத்த திருவேட்களத்தில் ஒதுக்கப்பட்டு வாழ்ந்த மக்களிடையே சென்று அவர்தம் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். பல்கலைக்கழகத்தின் மதிலுக்கும் குடிசைக்கும் இடையே இருந்த தூரத்தை நாள்தோறும் நடந்து குறைத்தார் அவர்.

இலங்கைத் தீவில் மாணவர் தொண்டின் வரலாற்றில் மறக்கலாகாத ஆண்டு 1958 ஆகும். கொழும்பு நாளந்தாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஏ. ரீ. ஆரியரத்தின, அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் மாணவர்களையும் ஆசிரியர்களையும் கனத்தொலுவ என்னும் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். சாதியின் பெயரால் விலக்கிவைக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர் அது. நகரத்துப் பிள்ளைகள் அம்மக்களோடு தங்கி, அவர்களோடு உண்டு, அவர்களோடு உழைத்தனர். சர்வோதய சிரமதான இயக்கம் இவ்வாறு பிறந்தது. 'சிரமதானம்' என்றால் உழைப்பைத் தானமாக வழங்குதல் என்று பொருள். கனத்தொலுவயோடு அம்முயற்சி நின்றிருந்தால் இன்று அதனை நினைப்பார் இல்லை. அடுத்த சில ஆண்டுகளிற் பாடசாலை பாடசாலையாக வார இறுதி முகாம்கள் தொடர்ந்தமையாலேயே அஃது ஓர் இயக்கமாய் வளர்ந்தது. ஆரியரத்தின 2024 இல் மறையும்வரை அவ்வியக்கத்தோடு இணைந்திருந்தார்.

அயல்நாடாகிய இந்தியாவில், காந்தியடிகளின் நூற்றாண்டு நிறைந்த 1969 ஆம் ஆண்டு, 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. அதிற் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணிநேரமாக இரண்டு ஆண்டுகளில் 240 மணிநேரம் பணியாற்ற வேண்டும் என்பது விதி. ஒரு கிராமத்தைத் தத்தெடுத்து அதன்பாற் பணிசெய்வதும் அத்திட்டத்தின் ஓர் அமைப்பு. கணக்கு நாளில் அமையாமல் மணியிலும் ஆண்டிலும் அமைந்திருத்தல் கருதத்தக்கது. தொண்டுக்குத் தொடர்ச்சி வேண்டும் என்பதை அவ்விதியை வகுத்தோர் உணர்ந்திருந்தனர்.

இனி, வாவிக்கரையிலே மாணவரை எதிர்நோக்கி நிற்கும் பணிகள் எவை என்பதைக் காணலாம். அவற்றுள் முதலாவது கண்டற் காடு. இறாலும் மீன்குஞ்சும் நண்டும் கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையே ஒதுங்கி வளர்கின்றன. வாவியில் வலை வீசுவோரின் வருவாய்க்கு அவ்வேர்கள் காவல். 2004 டிசம்பர் 26 ஆம் நாட் கடற்கோளுக்குப் பின்னர் இலங்கைக் கரையோரமெங்கும் கண்டல் நடும் முயற்சிகள் பெருகின. அவற்றின் பயனை ஆராய்ந்து 2017 இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறும் செய்தி எவரையும் சிந்திக்கச் செய்யும். ஏறக்குறைய 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை, 23 இடங்களில், நடுகை நிகழ்ந்தது. வெற்றிபெற்ற பரப்போ 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றேனும் உயிரோடு இல்லை.

காரணம் யாது? கண்டலுக்குப் பொருந்தாத நிலமட்டத்திலும் நீரோட்டத்திலும் கன்றுகள் நடப்பட்டன. மாடுகள் மேய்ந்தும் மிதித்தும் அழித்தன. பாசி மூடியது, பூச்சி அரித்தது. நட்டபின் தொடர்ந்து பராமரித்த இடங்களிற் கன்றுகள் பிழைத்தன என்பதும் அவ்வாய்வின் முடிவு. ஆகவே, ஆயிரம் கன்று நடுவதற்கு ஐம்பது மாணவர் ஒரு நாள் வருவதினும், நூறு கன்றைப் பேணுவதற்கு ஐந்து மாணவர் ஐம்பது நாள் வருவது மேலானது. எந்தக் கரையில் நீர் எத்தனை மாதம் நிற்கும், முகத்துவாரம் வெட்டப்பட்டால் எங்கே நீர் வற்றும், யாருடைய மாடு எப்பக்கம் மேயும் என்பனவற்றை வாவித் தொழிலாளர் அறிவர். நடுவதற்கு முன்னர் அவர்களிடம் கேட்டறிதலும், நட்டபின் வேலியிட்டு மாதந்தோறும் கன்றுகளை எண்ணிக் குறித்தலும் மாணவர்க்கு ஏற்ற பணிகள். தாவரவியல் பயிலும் மாணவனுக்கு அஃது ஒரு பாடமுமாகும்.

இரண்டாவது பணி டெங்குக் காய்ச்சற் தடுப்பு. 2017 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 186,000 பேருக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். இதனைப் பரப்பும் நுளம்பு, தேங்கிய சிறுநீர்ப் பரப்பின் விளிம்பில் முட்டையிடும். நீர் வற்றினும் அம்முட்டை பல மாதம் கெடாமற் கிடந்து, மழை நீர் பட்டதும் பொரிக்கும். பொரித்தபின் ஏறக்குறைய ஏழு முதற் பத்து நாட்களிற் சிறகு முளைத்துப் பறக்கும். எனவே, ஒருமுறை வளவைத் துப்புரவு செய்தவர் அடுத்த வாரம் வாராவிடின், அவர் செய்த பணி பத்தாம் நாளிற் பறந்து போய்விடும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் வழிகாட்டலிலே, மாரிக்காலம் முழுவதும், குறித்த சில வீடுகளை வாரம் ஒருமுறை சென்று பார்க்கும் சிறு குழுவே நுளம்பை வெல்லும்.

மூன்றாவது குருதிக்கொடை. 2014 ஆம் ஆண்டு தொடக்கம் இந்நாட்டின் குருதி வங்கிகள் கைம்மாறு கருதாத கொடையாளரையே முழுமையாக நம்பியுள்ளன. குருதியிலிருந்து பிரிக்கப்படும் செங்குருதிக் கலங்களை ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருத்தல் இயலாது. குருதிச் சிறுதட்டுகளோ ஐந்து நாள் அளவே பயன்படும். எனவே ஒரே நாளில் முந்நூறு பேர் கொடுத்துவிட்டு ஆண்டு முழுவதும் ஓய்ந்திருப்பதினும், தவணை வைத்துக் கொடுப்பதே நோயாளிக்கு உதவும். பதினெட்டு வயது நிறைந்த, உடல்நலம் உள்ளவர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை வழங்கலாம்.

குருதிக்கொடைக்கு வாவிக்கரையில் மற்றொரு பொருளும் உண்டு. தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் மாலையிற் பூக்கள்போல் மாறி மாறி அமைந்த கரை இது. 1990 ஆகஸ்டிற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானிலே பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டனர். அக்காயங்களை மேடைப் பேச்சு ஆற்றாது. தம் குருதி எவ்வூர் நோயாளியின் உடலிற் பாயும் என்பதைக் கேளாமலே கையை நீட்டும் இளைஞர், அதனை ஆற்றும் வழியில் ஓரடி வைக்கின்றனர். தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர் ஒருங்கே பயிலும் பல்கலைக்கழகத்துக்கு இப்பணி பெரிதும் பொருந்தும்.

நான்காவது வாசிப்பு. படுவான்கரைச் சிறுபாடசாலைகளிலே நான்காம் ஐந்தாம் வகுப்பை எட்டியும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் உளர். அவர்களுக்கு வேண்டியது அருகமர்ந்து, அவர்கள் வாசிப்பதைப் பொறுமையுடன் கேட்கும் ஒரு செவி. இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. கதைப்புத்தகம் பத்தும் ஒரு பாயும் போதும். ஆனால் இவ்வாரம் வந்த அண்ணனோ அக்காளோ மறுவாரம் வாராவிடின், பிள்ளை ஏமாற்றத்தையே கற்றுக்கொள்ளும். ஒரு தவணை முழுவதும் தவறாமல் வர இயலாதவர் இப்பணியை ஏற்காதிருத்தலே நன்று.

இவ்வாறு சென்று பழகிய மாணவரின் அருமை வெள்ள காலத்திலே விளங்கும். 1978 நவம்பர்ச் சூறாவளியையும், 2004 கடற்கோளையும், 2011 சனவரிப் பெருவெள்ளத்தையும் கண்ட மாவட்டம் இது. எந்த வீட்டில் நடக்கவியலாத முதியவர் இருக்கிறார், எந்த வீட்டிற் கருவுற்ற பெண் இருக்கிறாள், எந்த ஒழுங்கை முதலில் நீரில் மூழ்கும் என்பன ஆபத்து வந்தபின் கேட்டறியத் தக்கவையல்ல. ஆண்டெல்லாம் அவ்வூருக்குச் சென்றுவந்தவர் அவற்றைக் கேளாமலே அறிவர்.

மாணவர்க்குப் பரீட்சை உண்டு. பலர் வறுமையோடு போராடிப் படிப்பவர். பேருந்துச் செலவும் சுமையே. இத்தடைகள் மெய்யானவை. அவற்றுக்கு விடை, பணியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளுதல். ஒரு கிராமத்துக்குப் பன்னிருவர் கொண்ட குழு அமையுமாயின், வாரம் நால்வர் முறைவைத்துச் செல்லலாம். பரீட்சை வரும்போது முதலாண்டு மாணவர் பொறுப்பேற்கலாம். பட்டம் பெற்று ஒருவர் வெளியேறுவதற்கு மூன்று நான்கு ஆண்டே ஆகும். கண்டல் மரமாவதற்கோ அதனினும் கூடுதலான காலம் வேண்டும். ஆதலால் ஒவ்வொரு குழுவும் ஒரு குறிப்பேடு வைத்திருத்தல் அவசியம். சென்ற நாள், எண்ணிய கன்று, பார்த்த வீடு, வாசித்த பிள்ளை, கிராமத்தார் கேட்டது, செய்வதாகச் சொல்லியும் செய்யாது விட்டது ஆகிய யாவும் அதில் எழுதப்படல் வேண்டும். மூத்தவர் இளையவரிடம் அக்குறிப்பேட்டை ஒப்படைக்கும் நாளே அக்குழுவின் பட்டமளிப்பு விழா எனலாம்.

தொண்டு செய்யப் புகுவோர் மனத்திற் கொள்ள வேண்டிய எல்லைகளும் உண்டு. கிராமத்துக்கு என்ன தேவை என்பதைக் கிராமத்தாரே சொல்ல வேண்டும். கிராம உத்தியோகத்தரையும் பாடசாலை அதிபரையும் முதலிற் கலந்து பேசுதல் முறை. சம்பளம் பெறும் உத்தியோகத்தர் செய்ய வேண்டிய வேலையை மாணவர் தலையிற் சுமத்துதலும், வறியவரின் முகத்தைப் படம்பிடித்துப் பரப்புதலும் தொண்டாகா. கிராமமும் வெறுங்கையோடு நிற்பதில்லை. விதைப்புக் காலத்தையும், நீரின் குணத்தையும், கூத்தையும் பாட்டையும், அயலவரோடு வாழும் முறையையும் அது மாணவர்க்குக் கற்பிக்கும்.

புதிய தவணை தொடங்கும்போது மாணவர் மன்றங்கள் பெருந்திட்டம் எதனையும் வகுக்க வேண்டியதில்லை. வாவியின் மறுகரையில் ஒரே ஒரு கிராமத்தைத் தெரிந்துகொள்ளட்டும். முதற்பயணத்துக்குப் புறப்படுமுன்னரே இரண்டாம் பயணத்தின் நாளையும் குறிப்பேட்டில் எழுதிவைக்கட்டும். அந்நாளைக் கிராமத்தாருக்கும் சொல்லிவைக்கட்டும். மழை பெய்தாலும், கூட வருவோர் குறைந்தாலும், சொன்ன நாளிற் போய் நிற்கட்டும்.