நிழலில் காய்ந்த கீரை



மழை முடிந்த கையோடு உங்க வீட்டுக் கொல்லையைப் பாருங்க. வேலியில் அவரை படர்ந்து காய்த்துக் கிடக்கும். முருங்கை தழைத்து நிற்கும். சுண்டைச் செடியில் கொத்துக் கொத்தாய்க் காய். அக்கம்பக்கம் கொடுத்தது போக மிச்சம் ஆட்டுக்குப் போகிறது. சித்திரையில் கிணறு வற்றியதும் அதே வீட்டில் மாசமாயிருக்கிற பெண் வெறும் சோறும் புளிக்குழம்பும் சாப்பிடுகிறாள். ஆட்டுக்குப் போன கீரையை அவளுக்கு எடுத்து வைப்பது எப்படி என்றுதான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

கர்ப்பிணியின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும், தலை சுற்றும். மற்றவர்கள் தாங்கக்கூடிய ரத்தப்போக்கைப் பிரசவத்தில் இவளால் தாங்க முடியாது. பிள்ளையும் எடை குறைந்து பிறக்கலாம். அதனால்தான் கிராம சுகாதார செவிலியர் நாலாம் மாதத்திலிருந்து 180 நாளைக்கு இரும்புச்சத்து மாத்திரை தருகிறார். கீரைப்பொடி இருக்கிறதே என்று மாத்திரையை விட்டுவிடாதீங்க. இரண்டும் வேண்டும்.

முருங்கைக் கீரையைக் காலையில் பறித்து, காம்பு நீக்கி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி வடிய விடுங்க. காற்றோட்டமுள்ள திண்ணையில் கயிற்றுக் கட்டில் போட்டு, சுத்தமான வேட்டி விரித்து, மெல்லிசாகப் பரப்புங்க. வெயில் படக்கூடாது. இரும்புச்சத்து வெயிலில் போகாது. ஆனால் கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் 'ஏ' சத்து போய்விடும். தினம் இரண்டு முறை புரட்டிக் கொடுத்தால் நாலைந்து நாளில் கையில் நொறுங்கும். இடித்துச் சலித்து, ஈரமில்லாத பாட்டிலில் இறுக மூடி இருட்டில் வையுங்க. பருப்பு, அடை மாவு, ராகிக் களி எதில் வேண்டுமானாலும் ஒரு கரண்டி சேர்க்கலாம். இரும்புச்சத்து உடம்பில் ஒட்டுவதற்கு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட வேண்டும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அந்தச் சத்தில் பாதி வீண். ஒரு மணி நேரம் பொறுங்க. கறிவேப்பிலை, தூதுவளை இரண்டையும் இப்படியே நிழலில் உலர்த்தி ரசத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் கர்ப்பிணிக்குத் தெரியாத வேர், கஷாயம் எதையும் கேட்காமல் கொடுக்காதீங்க.

சுண்டைக்காய், மணத்தக்காளிக்கு வெயில் வேண்டும். சுண்டையை லேசாக நசுக்கி, உப்புப் போட்ட புளித்த மோரில் இரவு ஊற வைத்து, பகலில் காய வைத்து, சாயங்காலம் அதே மோரில் போட்டு, மூன்று நாள் இப்படிச் செய்தபின் மொடமொடவென்று காய விடணும். நம் பாட்டிமார் செய்த வேலைதான், புதுசு ஒன்றுமில்லை.

எங்க வீட்டில் ஒரு வருஷம் திடீர் மழையில் வத்தல் நனைந்து, அரைகுறைக் காய்ச்சலோடு பானையில் போட்டுவிட்டோம். பத்து நாளில் வெள்ளைப் பூஞ்சை. அம்மா துடைத்து வறுக்கலாம் என்றார்கள். வறுத்தாலும் கழுவினாலும் பூஞ்சையின் நஞ்சு போகாது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்கு மேல் ஈரல் கெட்டுச் செத்தார்கள். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்காரரைக் கேளுங்க, தீவனத்தில் பூஞ்சை வாடை வந்தால் மூட்டையோடு ஒதுக்கி விடுவார். கோழிக்குப் பார்க்கிற நாம் பிள்ளைக்குப் பார்க்க வேண்டாமா? நிலக்கடலைக்கும் இதே சட்டம்தான். ஒடித்தால் 'படக்'கென்று ஒடியணும், வளைந்தால் இன்னும் ஒரு வெயில் காட்டுங்க.

ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும், கால் முகம் வீங்கிய கர்ப்பிணிக்கும் உப்பு வத்தல், ஊறுகாய் ஆகாது. அவர்களுக்குக் கீரைப்பொடி போதும். வீக்கம் இருந்தால் அன்றைக்கே செவிலியரிடம் காட்டுங்க.

ஐயாமார்களே, கட்டிலைத் திண்ணைக்கு இழுத்துப் போடுவதும், மேகம் கறுத்தால் ஓடிப்போய் வத்தலை உள்ளே எடுப்பதும் உங்க பொறுப்பு. அவளுக்கு எட்டாம் மாசம் என்றால் இடிக்கிற வேலையும் உங்களுக்குத்தானுங்க.